இரண்டு மார்க் குறைத்தேன்

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் தமிழ்ச் சபை ஞாயிறுதோறும் ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகிறது. அங்கே பல வருடம் சண்டே கிளாஸ் எடுத்தேன். பிள்ளைகளுக்கு வசனப் போட்டி நடத்தி மார்க் போட்டதும் நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

எங்கள் பிள்ளைகள் எல்லாம் டெல்லியில் பிறந்தவர்கள், தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் தாய்மார்கள் வேதத்தில் ஒரு பகுதியை இங்கிலீஷ் எழுத்தில் நோட்டில் எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளைகள் ஒரு மாதம் அதை உருப்போட்டு, போட்டியன்று மேடையேறி மூச்சுவிடாமல் கொட்டிவிட்டு இறங்குவார்கள். ஒரு வார்த்தை விட்டால் அரை மார்க் போகும். சொல்லி முடித்ததும் அதிகாரமும் எண்ணும் சொல்ல வேண்டும், அதற்கு ரெஃபரன்ஸ் என்று பெயர். அதை விட்டால் இரண்டு மார்க். கீழே பெற்றவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளையோடு சேர்ந்து உதட்டை அசைப்பார்கள். பரிசு அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போய்விட்டால் ஒரு மாதத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இதற்கு நாங்கள் வைத்த பெயர், அடுத்த தலைமுறைக்கு விசுவாசத்தைக் கொடுப்பது. சீ!

என் மகளுக்கு ஒன்பது வயதானபோது வந்த பகுதி, சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனின் கதை. என் மனைவி நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து, வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து நோட்டில் எழுதிக் கொடுத்தாள். கதையை ஹிந்தியில் சொல்லிப் புரியவைத்தவளும் அவள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நிமிடத்தில் சொல்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடையில் மகள் ஒரு இடத்திலும் திக்கவில்லை. தம்பி வந்துவிட்டான், வீட்டுக்குள் விருந்து நடக்கிறது, அண்ணன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான், அப்பா வந்து கெஞ்சுகிறார். அத்தோடு பகுதி முடிந்தது. ரெஃபரன்ஸ் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் நெற்றியைச் சுருக்கி, முன்வரிசையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

“அச்சா, அப்பா, அந்த அண்ணா லாஸ்ட்ல உள்ள போனாரா, இல்லையா?”

ஹால் சிரித்தது. எத்தனையோ தடவை நடத்திய கதை. அண்ணன் உள்ளே போனானா என்பதை வேதம் சொல்லவில்லை என்று நான் அதுவரை கவனித்ததே இல்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாத்தியாருக்குத் தெரியாது என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

“கேள்வியெல்லாம் கேக்கக் கூடாது. ரெஃபரன்ஸ் சொல்லு.”

பயத்தில் அவளுக்கு அது மறந்துபோனது. இரண்டு மார்க் குறைத்தேன். பரிசு போனது.

போதகர் என் தோளைத் தட்டி, “சொந்தப் பிள்ளைன்னுகூடப் பாக்கலியே” என்று மெச்சினார். நான் பல்லை இளித்தேன். அந்த இளிப்புக்காக என்மேல் நானே காறித் துப்பிக்கொள்ளலாம்.

ஆட்டோவில் வரும்போது மனைவி, “அவ நல்ல கேள்விதாங்க கேட்டா. வீட்டுக்குப் போயாவது அவகிட்ட பேசுங்க” என்றாள். வீட்டுக்குப் போயும் நான் அவளிடம் பேசவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து மகளுக்குத்தான் முதல் பரிசு. வேதத்தைப் பற்றி என்னிடம் அவள் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான் என்று எனக்கு உறைக்கவே சில வருடங்கள் ஆயின. கிளாஸ் எடுப்பதை விட்டேன். விட்டு என்ன பயன்?

இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. போன மாதம் வீட்டு ஜெபத்தில் அதே பகுதியை எடுத்து வாசித்தேன். முடித்ததும் சொன்னேன்: “அந்த அண்ணன் உள்ள போனானான்னு ஒரு தடவ கேட்டியேம்மா. எனக்கு அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியல. நீ என்ன நினைக்கிறே?”

“அது போர்ஷன்ல இல்லப்பா” என்று சொல்லிவிட்டு, ஜெபத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டாள்.