இரண்டு முப்பத்தைந்துக்கு மாளிகை, பன்னிரண்டரைக்கு நண்டுக்கறி

இந்தப் பதிவை மெல்பேர்னுக்குத் திரும்பி இரண்டு கிழமை கழித்துத்தான் எழுதுகிறேன். ஜெர்மனியில் இருந்தபடியே எழுதியிருந்தால் என் கணவர் வழிச் சொந்தத்தில் பாதி அறுந்திருக்கும். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் போக நினைப்பவர்களுக்கு நேரமும் செலவும் உதவும் என்பதால் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். யோகன் அத்தான் வாசித்தால் வாசிக்கட்டும்.

லொக்டவுன் காலத்தில், மெல்பேர்னின் ரோவில் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆயிரம் துண்டுப் புதிர்ப்படம் ஒன்றை நானும் என் கணவர் அன்ரனும் ஒரு மாதமாகப் பொருத்தினோம். மலையுச்சியில் வெள்ளை மாளிகை, பின்னால் காடு. அன்றே சொல்லிவிட்டேன், இதற்குள் ஒருநாள் கால் வைப்பேன் என்று. வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவளுக்கு மூன்று கிழமை சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது லேசல்ல. இந்தச் செப்டெம்பரில்தான் கிடைத்தது.

ஊரின் பெயர் ஹோஹென்ஷ்வாங்கௌ. அல்ப்ஸ் மலையடிவாரம், ஒஸ்திரிய எல்லை பக்கத்தில். நடந்து போகும் தூரத்தில் இரண்டு ஏரிகள், இரண்டு அரச மாளிகைகள். மஞ்சள் மாளிகை, முன்பு இந்தப் பகுதியை ஆண்ட அரசன் ஒருவன் சிறுவனாக வளர்ந்தது. எதிர் மலையில் இருக்கும் வெள்ளை மாளிகை அவனே கட்டுவித்த நொய்ஷ்வான்ஸ்டைன். உள்ளே போக நேரம் குறித்த சீட்டு வேண்டும். நேரம் தவறினால் சீட்டுச் செல்லாது. காசும் திரும்பி வராது. நான்கு மாதத்துக்கு முன்பே இணையத்தில் இரண்டு சீட்டு எடுத்தேன். ஒன்று இருபத்தொரு யூரோ, பதிவுக் கட்டணம் இரண்டரை. நேரம் பிற்பகல் 2.35.

நாங்கள் தங்கியது உல்ம் நகரத்தில், அன்ரனின் பெரியம்மா மகன் யோகன் அத்தான் வீட்டில். ஹோட்டலில் தங்கினால் அது அவருக்கு அவமானமாம். அங்கிருந்து ஹோஹென்ஷ்வாங்கௌ ஏறத்தாழ 130 கிலோமீற்றர், காரில் ஒன்றரை மணித்தியாலம். சீட்டு அலுவலகத்திலிருந்து மாளிகைக்கு மலையேற நாற்பது நிமிடம். அதனால் காலை பத்தரைக்கு வெளிக்கிட வேண்டும் என்று முதல் நாள் இரவே சொன்னேன். எல்லோரும் “ஓம், ஓம்” என்றார்கள். நேர விஷயத்தில் எங்கள் ஆட்கள் சொல்லும் ஓமை நம்பிய என்னைச் சொல்ல வேண்டும்.

பத்து மணிக்கு நான் சப்பாத்தும் போட்டு ஆயத்தம். அத்தானின் மனைவி ரஞ்சி அக்கா விடிய ஐந்து மணியிலிருந்து குசினிக்குள். அடுப்பில் நண்டுக்கறி.

“சாப்பிடாமப் போறதோ? ஒஸ்ரேலியாவில இருந்து வந்தனீங்கள்,” என்றார் அத்தான்.

“அத்தான், ரிக்கற் ரெண்டு முப்பத்தஞ்சுக்கு.”

“அது ஓடாது பிள்ளை. மாளிகை அங்கதான் நிக்கும்.”

பதினொன்றரைக்குப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு குடும்பங்கள் ‘ஒஸ்ரேலியாக்காரரை’ப் பார்க்க வந்தன. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக் கோப்பை போட்டார்கள். அன்ரன் வாயே திறக்கவில்லை. திறந்தது நண்டுக்கால் கடிக்க மட்டும்தான். இரண்டாம் தரமும் சோறு வாங்கினார், மனுசன்!

ஒன்று ஐந்துக்கு வெளிக்கிட்டோம். நாங்கள் எடுத்திருந்த வாடகைக் கார் வாசலில் நிற்க, “என்ர கார் இருக்க அதென்னத்துக்கு?” என்று அத்தானே ஓட்டினார். ரஞ்சி அக்கா மடியில் பொரித்த ரோல்ஸ் பெட்டியோடும் தேத்தண்ணிப் போத்தலோடும் பின்னால் என் பக்கத்தில். வழியில் வீதி வேலை. கார்ப் பார்க்குக்குள் நுழையும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. சீட்டு அலுவலகப் பெண் என் தொலைபேசித் திரையைப் பார்த்தாள், ஏலாது என்று தலையை ஆட்டினாள். அவளில் ஒரு பிழையும் இல்லை.

அல்ப்ஸே என்ற ஏரியின் கரைக்கு வந்தோம். தண்ணீர் பச்சையாக, அடிக்கல் தெரியத் தெளிவாகக் கிடந்தது. சுற்றி நடக்க ஐந்து கிலோமீற்றர், இலவசம். எனக்கு ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. “வெளியால பாக்கிறதுதான் வடிவு,” என்று அத்தான் ஆறுதல் சொன்னார். பத்திக்கொண்டு வந்தது. ஆனால் அவரோடு கதைக்க முடியாமல், சும்மா நின்ற அக்கா மேல் பாய்ந்தேன்.

“அக்கா, நீங்கள் அந்த நண்டைச் சமைக்காட்டி நான் இப்ப உள்ளுக்க நிண்டிருப்பன். உங்களுக்கென்ன, பக்கத்தில இருக்கிறனீங்கள், நூறு தரம் பாத்திருப்பீங்கள்.”

“வந்திருக்கிறன்தான்,” என்றார் அக்கா. “லண்டன், கனடா, நோர்வே, ஆர் வந்தாலும் இஞ்சதானே கூட்டிக்கொண்டு வாறது. மேல போனதில்லை. ஆக்கள் போயிட்டு வருமட்டும் சாமானோட காருக்க இருக்கிறனான். எனக்கு ஆரும் ரிக்கற் எடுக்கிறேல்லை.”

குறை சொல்லும் குரல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். பிறகு பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு ரோல்ஸ் நீட்டினார். முப்பத்தொரு வருடமாக அந்த நாட்டில் இருக்கிறார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லோரையும் எழுப்பினேன். சமையல் இல்லை, தேத்தண்ணிகூட இல்லை. அத்தான் முணுமுணுத்துக்கொண்டே காரை எடுத்தார். அலுவலகம் திறக்க முன்பே வரிசையில் நின்றதால் அன்றைய நாளுக்கு இருந்த சீட்டில் இரண்டு கிடைத்தது, பதினொரு மணிக்கு. அன்ரன் கை நீட்டினார். “நீங்கள் உங்கட அண்ணாவோட கீழ இருங்கோ,” என்றேன். நானும் அக்காவும் ஏறினோம். பாதி வழியில் அத்தானின் அழைப்பு: “ரோல்ஸ் எங்க வச்சனீர்?”

“நான் ஒண்டும் கொண்டு வரேல்லை,” என்று சொல்லி அக்கா தொலைபேசியை அணைத்தார்.

உள்ளே முப்பது நிமிடச் சுற்று. படம் எடுக்க விடமாட்டார்கள். சிங்காசன மண்டபத்தில் சிங்காசனமே இல்லை, வைக்குமுன் அரசன் செத்துப்போனானாம். அக்கா ஒவ்வொரு அறையிலும் கடைசி ஆளாகத்தான் வெளியே வந்தார். வழிகாட்டி இரண்டு தரம் கூப்பிட்டான்.

போகிறவர்களுக்கு: முடிந்தால் காலைச் சீட்டு எடுங்கள். கார் நிறுத்தப் பன்னிரண்டு யூரோ. மலையேற முடியாதவர்களுக்கு பஸ் உண்டு, ஆனால் அது விடும் இடத்திலிருந்தும் கொஞ்சம் நடக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதென்றால் விருந்தைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் மேலும் அன்ரன் மேலும் இருந்த கோபம் விமானம் ஏறும்போதே பாதி போய்விட்டது. மிச்சம் என் மேல்தான். அக்கா வீட்டில் தங்கப்போகிறேன், அவர் சமைத்ததைச் சாப்பிடப்போகிறேன், ஒரே காரில் போகப்போகிறேன் என்பதெல்லாம் நான்கு மாதத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். சீட்டு எத்தனை என்று அந்த இணையப் பக்கம் கேட்டபோது, ஒரு விநாடிகூட யோசிக்காமல் இரண்டு என்று அழுத்தியவள் நான்.