என் பில்லையில் நின்ற மச்சினன்

சபையாரே, கோபத்தோடுதான் இந்தச் சாட்சியைச் சொல்கிறேன். கர்த்தர் என்னைப் பொறுத்துக்கொண்டார், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் நடந்த சமயம். தாராவியில் ஒரு தோல் கம்பெனியில் எனக்கு வேலை. மழை தொடங்கிய வாரம், தோல் சுரண்டும் கத்தி வழுக்கி வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. புண்ணில் தோல் ஊறிய சுண்ணாம்புத் தண்ணீர் இறங்கி உயிர் போகிற மாதிரி எரிந்தது. ஊரிலிருந்து என்னை அழைத்துவந்து வேலையில் சேர்த்த மேஸ்திரி ஒரு துணியைச் சுற்றிக் கட்டினார்.

"ஏல, ஆபீசுல மூச்சு விடாத. தெரிஞ்சா வேற ஆளப் போட்டுருவான். ஒன் பில்லையக் குடுத்து மச்சினன அனுப்பு. கை ஆறுனதும் நீ வந்து நின்னுக்க."

நாமெல்லாரும் செய்கிற காரியம்தான். என் மனைவியின் தம்பி தாவீது வாசலில் காட்டி ஆஜர் போடும் என் நம்பர் பித்தளைப் பில்லையோடு, ஞானமுத்து என்ற என் பெயரிலேயே வேலைக்குப் போனான்.

கை ஆறவில்லை. இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. இரண்டு மாதம் கழித்து ஆபீசுக்குப் போய், வைத்தியமும் இந்தக் கையால் முடிந்த வேலையும் கேட்டேன். மாட்டுங்காவிலிருந்து வரும் பெரிய கிளார்க் ஆஜர் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஞானமுத்து தெனம் வந்துண்டிருக்கானே. நீ யாருப்பா?"

பக்கத்தில் நின்ற மேஸ்திரி என்னைத் தெரியாதவர்போல் பீடி பற்றவைத்தார்.

அன்று முழங்காலில் நின்று ஆண்டவரோடு சண்டையே போட்டேன். மூன்று பிள்ளைகளைக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறீரா என்று கேட்டேன். மேஸ்திரி நாசமாய்ப் போகட்டும் என்றும் கேட்டேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தாவீது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள் காலை அவனே என்னை ஆபீசுக்கு இழுத்துப்போய், பில்லையை மேஜைமேல் வைத்தான்.

"சார், ஞானமுத்து இவருதான். நான் தாவீது. அத்தானுக்குக் கை போனது இங்கதான். கூட நின்னவங்களக் கூப்பிட்டுக் கேளுங்க."

கேட்டார்கள். மூன்று பேர் பயந்து பயந்து ஒத்துக்கொண்டார்கள். எனக்கு வைத்தியம் கிடைத்தது, தோலைத் தரம் பிரிக்கும் வேலையும் கிடைத்தது. தாவீதை அன்றே அனுப்பிவிட்டார்கள். இப்போது வேறொரு கம்பெனியில் தன் சொந்தப் பெயரில் வேலை செய்கிறான். அவன் வாயைத் திறந்த கர்த்தருக்குத் தோத்திரம்.

ஆனால் டாக்டர் சொன்னதை மறக்க முடியவில்லை. அடிபட்ட அன்றைக்கே வந்திருந்தால் விரல்கள் பிழைத்திருக்குமாம். மேஸ்திரியைவிட என்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

ஜெபியுங்கள். அவர் கேட்கிறார், நம்புங்கள். ஆனால் அடிபட்ட அன்றே ஆபீசில் சொல்லிவிட்டு வந்து முழங்கால் போடுங்கள். கடைசி வரிசையில் துண்டுக்குள் கையை மறைத்து உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி, உம்மைத்தான் சொல்கிறேன். எழுந்திரும். நானும் கூட வருகிறேன்.