பால் வாசனை படாத தூரம்

மைசூருக்கு வாழ வந்து இரண்டு வருஷம் ஆகியும் எனக்குக் கன்னடம் வாயில் நுழையவில்லை. வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டு. வண்டியோடு அரசீகெரே பக்கம் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அப்படி அவர் போயிருந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஏழு மாதப் பிள்ளை காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டு அழ ஆரம்பித்தான்.

குடல் ஏறிக்கொண்டது என்றாள் பக்கத்து வீட்டுத் தமிழ்க்காரி. எங்கள் பக்கத்தில் குழந்தை அழுதால் முதலில் அதைத்தான் சொல்வோம். குடல் தட்டுகிறவளைக் கூப்பிட்டு, விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவினோம். பிள்ளை துவண்டுபோனான். மறுநாள் துணியில் சளியும் ரத்தமுமாகக் கண்டதும் ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டிருக்கிறது, வயிற்றைத் திறந்துதான் இழுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர், அரைகுறைத் தமிழில். பிழைப்பானா என்று கேட்டேன். மேலே கையைக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடவுளைக் காட்டவா இவ்வளவு படித்தார்? ஆனாலும் வீட்டுக்காரரைக் கேட்காமலே சரியென்று தலையாட்டிவிட்டேன்.

அறுத்துத் தைத்துக் கொண்டுவந்தார்கள். தொடையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். குடல் வேலை செய்கிறவரை வாயில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாதாம். நான் கிட்டே போனாலே பால் வாசனைக்குத் தலையைத் திருப்பித் திருப்பித் தேடி அழுதான். அப்படி முக்கி அழுதால் தையல் விட்டுப்போகுமாம். நர்ஸம்மா தமிழ்க்காரி.

"வெளிய போய் உக்காரும்மா. உன் பிள்ளைக்கு இப்ப நீதான் ஆகாது" என்றாள்.

ஆகாதாமே! பெற்றவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? வராண்டாக் கோடியில் போய் உட்கார்ந்தேன். அவன் அழும்போதெல்லாம் மாரில் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்தது. தாய்ப்பால் மிதிபடக்கூடாது என்று வளர்ந்தவள் நான். ஒரு செடியின் வேரில் பீய்ச்சிவிட்டு வருவேன். பிள்ளையை அழவிட்டுக் குந்தியிருக்கிறாளே என்று போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். பதில் சொல்ல பாஷை இல்லை. அத்தனை ஜனத்துக்கு நடுவிலும் அனாதையாகத்தான் இருந்தேன். அவன் அழுதால் வயிறு எரிந்தது, அழுகை நின்றால் உயிரே போனது.

பிறகு ஒரு காலையில் நர்ஸம்மா அவன் இடுப்புத் துணியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே விரித்தாள். கறுப்பும் மஞ்சளுமாக, கொஞ்சமே கொஞ்சம்.

"குடல் வேலை செய்யுது. ஸ்பூன்ல பால் குடுக்கலாம்னுட்டார் டாக்டர்."

அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. சொல்ல எனக்கு அங்கே யார் இருந்தார்கள்? தூணோரம் ஒரு கன்னடத்து அம்மாள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பிள்ளை வெளிக்கு இருந்துட்டான்மா" என்று தமிழிலேயே சொல்லிச் சொல்லி அழுதேன்.