ஊசி தேயவில்லை

முதலில் நான் சந்தேகப்பட்டது ஊசியைத்தான்.

ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிதில் என் அறைத் தோழன் ஜோசப்பிடம் ஒரு ரெக்கார்டு பிளேயர் இருந்தது. கூடவே அவன் அப்பா சேர்த்த ஆங்கில ராக், நாட்டுப்பாடல், சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் உருக்கமான பாட்டு) இசைத்தட்டுகள். பாதி வரிகள் எனக்குப் புரியாது. ஆனால் எங்கே சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் வெண்கலத் தட்டு) சிலிர்க்கும், எங்கே கிதார் கம்பியில் விரல் கீறும் என்பதெல்லாம் மனப்பாடம். போன வருடம், மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, அதே ஆல்பங்களையும், போட்டுக் கேட்க ஒரு பிளேயரையும் பெங்களூரில் ஒரு பழைய கடையில் தேடிப் பிடித்து வாங்கினேன்.

வீட்டில் போட்டால் சிம்பலே இல்லை. பாடுகிறவர் வாயில் துணியை வைத்துக்கொண்டு பாடுவது போல் இருந்தது.

ஊசியை மாற்றினேன், தட்டைச் சுழற்றும் பெல்ட்டை மாற்றினேன். அடுத்து கடைக்காரர் மேல் சந்தேகம் வந்தது. டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டார் என்று பஸ் ஏறிப் போய்ச் சண்டை போட்டேன். அவர் தட்டைத் தன் பிளேயரில் வைத்து, “எவ்ளோ க்ளீனா கேக்குது பாருங்க சார்” என்றார். எனக்குக் கேட்கவில்லை. ஆள் பலே கில்லாடி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினேன்.

என் மனைவி மஞ்சுளா சூளகிரிப் பக்கத்துக்காரி. இந்தப் பாட்டுகள் மேல் அவளுக்கு ஒரு மரியாதையும் கிடையாது.

“ஏங்க, ஜிங்கு ஜிங்குன்னு அடிச்சிக்கினே இருக்குது. நெசமா கேக்கலியா?”

அவளும் கடைக்காரரோடு கூட்டா என்று ஒரு நொடி நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

“குக்கர் விசிலுக்கும் எந்திரிக்க மாட்டேங்கிறீங்க. வேணும்னே பண்றீங்கன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தன்” என்றாள். அவளும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

காது மருத்துவரிடம் போனோம். ஆடியோமெட்ரி (ஒவ்வொரு சுருதியையும் எவ்வளவு மெல்லிய அளவு வரை காது பிடிக்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டும் என்றார்.

“கம்பெனியில வருஷா வருஷம் எடுக்காங்க டாக்டர். ஒரு தடவகூட ஃபெயில் ஆனதில்ல.”

“அங்க எப்படி உக்காருவீங்க?”

“மெஷினுக்கு எதிர்லதான்.”

அவர் சிரிக்கவில்லை. என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்.

பிரஸ் ஷாப்பில் (இரும்புத் தகட்டை அச்சில் அடித்து வடிவமைக்கும் பிரிவு) எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. பரிசோதகரின் கட்டைவிரல் பொத்தானை அழுத்துவதைப் பார்த்து விரலைத் தூக்கிவிடுவோம். ‘அன்ஃபிட்’ என்று எழுதி லைனை விட்டுத் தூக்கத்தான் அந்தச் சோதனை என்பது எங்கள் தீராத சந்தேகம். காதடைப்பானும் கழுத்தில்தான் தொங்கும். தகடு டையில் (அச்சில்) சரியாக உட்காரவில்லை என்றால் சத்தத்திலேயே தெரியும், காதை அடைத்தால் எப்படித் தெரியும் என்று நியாயம் பேசுவோம். சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோது எனக்கு விரலைத் தூக்க வேலையே இல்லை.

காக்ளியாவில் (உட்காதில் சுருண்டிருக்கும், ஒலியை உணரும் உறுப்பு) உள்ள நுண்மயிர்ச் செல்கள் இரைச்சலில் செத்துவிட்டன, இனி முளைக்காது என்றார் டாக்டர். உயர்ந்த சுருதிகள்தான் முதலில் போகுமாம். “அதே சத்தத்துல இருந்தா அடுத்து மத்தவங்க பேச்சும் புரியாமப் போயிடும். மிச்சத்தையாவது காப்பாத்துங்க.”

மகள் போனில் பேசுவது ஞாபகம் வந்தது. இப்போதெல்லாம் அவள் முணுமுணுக்கிறாள் என்று அவளையும் திட்டியிருந்தேன். பயந்துபோனேன். மறுநாளே ரிப்போர்ட்டைக் கம்பெனியில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். வித்தையைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று லைன்காரர்கள் சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இதைப் படிக்கிற நீங்களும் பிரஸ் ஷாப்பில் இருந்தால் ஒன்று கேளுங்கள்: காதைச் சோதிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

காதுக்கருவி மாட்டிய முதல் வாரம் எல்லாமே தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது. மூளை பழக மாதங்கள் ஆகும் என்றார்கள். நான் நம்பவில்லை. சிம்பல் வந்தது, ஆனால் அது தட்டில் இருக்கிறதா, கருவி கிளப்புகிறதா என்று தெரியவில்லை. எந்த வருடத்தில் அதை இழந்தேன் என்பதும் தெரியவில்லை.

போன ஞாயிறு மத்தியானம் ஒரு சோல் ஆல்பம் போட்டேன். பாடகி அடுத்த வரிக்கு முன் மூச்சை இழுப்பது துல்லியமாகக் கேட்டது. ஜோசப்பின் அறையில்கூட கேட்டிராத மூச்சு. கருவியின் தில்லுமுல்லு என்று சந்தேகப்பட்டு, தட்டிலிருந்து ஊசியைத் தூக்கினேன். பாட்டு நின்றது. மூச்சு நிற்கவில்லை. இழுத்தது, விட்டது. நான் என் மூச்சை அடக்கிப் பார்த்தேன். அதுவும் அடங்கியது.