ஒட்டுத் தாடி இல்லாமல்

பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். அலுவலகத் தபால் உறைகளில் விலாசம் எழுதித்தான் கைக்குப் பழக்கம். சொந்த அனுபவத்தை எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ் தமிழர்கள் பொங்கலையொட்டிப் போடும் நாடகத்தில் இருபது வருஷமாக நான்தான் கிழவன். நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிற எனக்கு ஒட்டுத் தாடிதான் தைரியம். முதுகை வளைத்துக் கம்பை ஊன்றிக் குரலை நடுங்கவிட்டால் கைதட்டல் வந்துவிடும்.

ஆசியாட் விளையாட்டுப் போட்டி நடந்த குளிர்காலத்தில் எனக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த முறை நாடகத்தை இயக்கியது மாடி வீட்டுக்காரரின் மகள். டெல்லியிலேயே பிறந்தவள், சிறு வயதிலிருந்தே நடனம் கற்றவள். முதல் ஒத்திகையில் என் நடையைப் பார்த்தாள்.

"அங்கிள், ஏன் நடுங்கறீங்க? குளிருதா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"கிழவன்னா நடுங்கணுமேம்மா."

"வயசானவங்க அதை மறைக்கத்தானே பார்ப்பாங்க? நீங்க காலையில பஸ் எப்படி ஏறுவீங்க? அதைக் காட்டுங்க."

காட்டினேன். கம்பியைப் பிடித்து, இடது காலை முதலில் வைத்து, முழங்கால் வலியை யாராவது கவனித்தார்களா என்று பக்கத்தில் ஒரு பார்வை.

"அச்சா! இதேதான். தாடி வேண்டாம். கடைசி சீன்ல கிழவர் வீட்டுல தனியா இருக்கார், அங்கே ஒரு சின்ன டான்ஸ். இந்த முகத்தோட ஆடணும்."

"வேற ஆளைப் பாரும்மா" என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விஷயத்தைக் கேட்ட மனைவி சப்பாத்திக்கு மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "தாடி இல்லாட்டி உங்க மூஞ்சியை யாரு பார்க்கப் போறா? நானே பார்த்து ரொம்ப நாளாச்சு."

அது சுருக்கென்றது. மறுநாள் போய், "ஆடறேன். ஆனா முட்டி மடங்காது" என்றேன்.

"மடங்காமலே ஆடுங்க."

அந்த ஆட்டத்துக்கு நான் எடுத்துவைத்த எட்டு அடிகளை அவளும் செய்து பார்த்தாள். அவள் கால் அழகாக மடங்கிவிட்டது. மறுபடி செய்தாள். "எனக்கு வரமாட்டேங்குதே, அங்கிள்!" என்று தரையில் உட்கார்ந்து என் கால்களையே பார்த்தாள். அதன் பிறகு ஒரு ஒத்திகையையும் நான் விடவில்லை.

நாடகத்தன்று கடைசிக் காட்சியில் விளக்கு முகத்தில் விழுந்தது. பழக்கத்தில் தாடியைச் சரிசெய்யக் கை போனது, வெறும் தாடை. கால் நகரவில்லை. பஸ் ஏறுவதாக நினைத்துக்கொண்டு இடது காலை வைத்தேன். இரண்டாவது அடியில் யாரோ சிரித்தார்கள். நிறுத்தவில்லை. எட்டு அடியையும் ஆடி முடித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. முழங்கால் வீங்கியிருந்தது. வழக்கமான பஸ்ஸில், யார் கவனிக்கிறார்கள் என்று பக்கத்தில் பார்க்காமல் இடது காலை வைத்து ஏறி, அலுவலகம் போனேன்.