சேர்மனின் தொப்பை

வேலூரில் அச்சாகும் தினசரி ஒன்றுக்குத் திருவண்ணாமலையில் உட்கார்ந்து கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தேன். படத்தை உறையிலிட்டு மதிய பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால், மறுநாள் பேப்பராகித் திரும்பி வரும். அதுவரை என் வயிறு கலக்கிக்கொண்டே இருக்கும். தைரியமெல்லாம் உறையோடு பஸ் ஏறிவிடும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. குழாயில் தண்ணீர் இல்லை. நகராட்சி சேர்மன் தொப்பையும் தானுமாகக் காலிக் குடத்தைக் கட்டிக்கொண்டு தூங்குவதாக வரைந்தேன். வெளியான அன்று சாயங்காலமே அவருடைய ஆள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"தலைவர் கூப்புடுறாருங்க."

என் மனைவி நகராட்சிப் பள்ளி டீச்சர். அவள் வேலை போயிற்று என்றே முடிவு கட்டினேன். கதவுக்குப் பின்னால் நின்று நான் கைஜாடை காட்ட, பக்கத்து ஊரான கீழ்பென்னாத்தூருக்குப் போயிருக்கிறார் என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் விடியுமுன்பே கிரிவலம் கிளம்பினேன். மலை சுற்றப் போனவனை யார் தேடப் போகிறார்கள்? பாதி வழியில், முன்னால் ஒரு முதுகு. சேர்மன். ஆமை நடை. திரும்பி நடந்தால், மலையை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறவன் யாரென்று எல்லாரும் நின்று பார்ப்பார்கள். குனிந்து, காலில் இல்லாத முள்ளைப் பிடுங்கினேன். நிமிர்ந்தால் அவர் எதிரே நிற்கிறார்.

"கீழ்பென்னாத்தூர்லேர்ந்து எப்ப வந்தீங்க?"

"காத்தால பஸ்லதாங்க."

"நேத்தே உங்க படத்தை எடுத்துக்கினு வேலூர் கலெக்டர் ஆபீஸ் போனேன். ஊரே சிரிக்குது, தண்ணி எடுக்க மோட்டார் குடுங்கன்னேன். தர்றேன்ட்டாங்க. அதான் கூப்புட்டேன். அவங்க மறக்காம இருக்க இன்னொண்ணு போடுங்க. தொப்பைதான் ஜாஸ்தி. கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

"ஆகட்டுங்க" என்றேன், அவர் வாயை மூடுவதற்கு முன்பே.

வீட்டுக்கு வந்து வரைந்தேன். பள்ளிக்குக் கிளம்பிய மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"சேர்மன்."

"அவரு தம்பின்னு நெனச்சேன்."

"உன் வேலைக்காகத்தான்."

"என் வேலைக்கு நான் பயப்படலியே" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தொப்பையைத் திரும்பப் பெரிதாக்கப் பேனாவை எடுத்தேன். மூடியைத் திறக்காமலே கீழே வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உறையை ஒட்டினேன்.

மறுநாள் டீக்கடையில் பேப்பரை விரித்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு படம் பஸ் ஏறிய பிறகு என் வயிறு கலக்காமல் இருந்தது அன்றைக்குத்தான். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.