அசனப் பந்தியில் என் மகனின் பாட்டு

மருந்துக்கடைக்காரர் மீது எனக்குக் கோபம் தணியவில்லை. தணியவேண்டும் என்று ஜெபிக்கவும் இல்லை.

என் மகன் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வலி மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்து மீட்டுக் கொண்டுவந்தோம். வீட்டுக்கு வந்தபின் மொட்டைமாடியில் உட்கார்ந்து செல்போனில் ராப் பதிவு செய்வான். மாத்திரை யார் தந்தது என்று கெஞ்சியும் அடித்தும் கேட்டிருக்கிறேன். வாய் திறக்காதவன் ஒரு மாலை பாட்டில் சொன்னான். நான் காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தேன்.

“அட்டையக் கிழிச்சு நீட்டுதான், அம்மா சொகமான்னு கேக்குதான்
சொகம்னு சொல்லி முழுங்குதேன், செவுரு பாத்துச் சிரிக்குது
மண்டைக்குள்ள கப்பல் வருது, சரக்கெறக்க ஆளில்ல
கரையில நிக்குத எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியல, கண்ணு தெரியல”

கையிலிருந்த துணி ஈரமாகும்வரை அழுதேன். எங்கள் தெருவில் மருந்துக்கடை வைத்துக்கொண்டு என் சுகம் விசாரிப்பவர் ஒருவர்தான். என்னைப் போல நாசரேத் ஊர்க்காரர், எங்கள் சபைக்காரர். மகனிடம் கேட்டேன். ஆமென்று தலையை மட்டும் ஆட்டினான்.

காவல் நிலையத்தில், “பாட்டையெல்லாம் சாட்சியா எடுக்க முடியாது டீச்சர்” என்றார்கள்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் சபைக் கோயிலில் அசனம். ஏழை பணக்காரர் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடுவோம். வரமுடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் வாங்கிப்போவதும் உண்டு. கறிவாளியைத் தூக்கிப் பரிமாறுகிறவர்கள் சபையில் நல்ல பெயர் எடுத்தவர்கள். மருந்துக்கடைக்காரர் வருஷா வருஷம் தூக்குவார்.

என் இலைக்கு முன்னால் குனிந்து, “தம்பி வரலையா டீச்சர்? தூக்குவாளியத் தாங்க, அவனுக்கு நல்ல எலும்பாப் பாத்துப் போடுதேன்” என்றார்.

இலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டேன். அசனத்தில் யாரும் இலையை மூடுவதில்லை. பிறகு பாடினேன். வேதப் புத்தகத்துச் சங்கீதங்கள் தவிர எதையும் சபையில் பாடியறியாத நான், அந்த நான்கு வரிகளையும் அவர் முகத்தைப் பார்த்தே பாடினேன்.

“ஏளா, சோத்துக்கு முன்னால என்னளா இது?” என்றாள் பக்கத்துப் பெண்.

“எம் மவன் பாட்டு. அட்டையக் கிழிச்சு நீட்டுதது இவருதான்.”

“பிள்ளைய வளக்கத் தெரியாம எம்மேல பழிபோடுதீங்களா?” என்றார் அவர். வாளி கையில் ஆடிக் குழம்பு அவர் வேட்டியில் சிந்தியது. அந்தக் கறையை நான் ஆசையாகப் பார்த்தேன். எதிர்ப்பந்தியில் ஒரு தாய், என்னைப் போலவே பையனைப் பெற்றவள், தன் இலையை மெதுவாக மூடினாள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

காலித் தூக்குவாளியோடு வீடு திரும்பினேன். அதற்குள் யாரோ படம்பிடித்து அனுப்பியிருந்தார்கள். மகன் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எம் பாட்ட எதுக்கும்மா பாடுனிய?”

“அந்த ஆளு கடைய மூடுத வரைக்கும் பாடுவேம்ல.”

அவன் என் பாட்டைத் திரும்ப ஓடவிட்டான்.

“ரெண்டாவது அடியில தாளம் போச்சு. முழுங்குதேன்னதும் மூச்சு விடணும்.”

“சொல்லித் தாலே.”

தொடையில் தட்டிக் காட்டினான். விரல்கள் நடுங்கினாலும் தாளம் பிசகவில்லை.

கடை இன்னும் திறந்திருக்கிறது. பள்ளி விட்டு வரும்போது அதன் வாசலில் நின்று பாடிவிட்டுத்தான் வருகிறேன். என்னைக் கண்டதும் அவர் உள்ளே போய்விடுகிறார். அங்கும் கேட்கும்படி பாடுகிறேன்.